வேருக்கு வரும் மிச்சம்

மரவள்ளி முதலில் இலையைக் கவனிக்கிறது. பிறகு தண்டை. அவற்றுக்குப் போக மிஞ்சிய சர்க்கரைதான் கீழே இறங்கிக் கிழங்காகிறது. நெல்லில் தழை விடும் பருவம் வேறு, கதிர் பால் பிடிக்கும் பருவம் வேறு. கதிர் வெளியே வந்துவிட்டால் அதன்பின் புது இலை கிடையாது. உழைப்பதெல்லாம் மணிக்குத்தான். மரவள்ளிக்கு அப்படியொரு பாகப்பிரிவினை நடப்பதேயில்லை. நட்ட இரண்டு மூன்று மாதத்தில் வேர் பருக்கத் தொடங்கினால், பிடுங்குகிற நாள்வரை மேலே கொழுந்தும் கீழே கிழங்கும் ஒரே சர்க்கரையைப் பங்குபோட்டுக்கொண்டு வளர்கின்றன. முதல் பங்கு கொழுந்துக்கு.

கொலம்பியாவில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை மையத்தில் ஜேம்ஸ் காக் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் 1979-இல் இந்தப் பங்கைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். செடி நிற்கிற நிலத்தைப்போல மூன்று மடங்கு, கூடினால் மூன்றரை மடங்கு இலைப்பரப்பு இருந்தால் போதும். கிழங்கு அப்போதுதான் வேகமாகப் பெருக்கிறது. அதற்கு மேல் இலை கூடக்கூடக் கிழங்கின் வளர்ச்சி குறைகிறது. மேல் இலை கீழ் இலையை மறைக்கிறது. வெயில் படாத அடி இலை பழுத்து உதிர்கிறது. அதைக் கட்ட ஆன சர்க்கரை மண்ணோடு போகிறது. செடியோ விடாமல் மேலே புது இலையைக் கட்டிக்கொண்டேயிருக்கிறது.

அப்படிப்பட்ட தோட்டத்தைச் சாலையில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அவ்வளவு அழகாக இருக்கும்.

*

பிடுங்கிய கிழங்கு ஒன்றைக் குறுக்கே வெட்டி வெளிச்சத்தில் பார்க்கிறேன். வெளியே மெல்லிசாக உரிந்து வரும் பழுப்புத் தோல். அதற்குள் ரகத்தைப் பொறுத்து வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தடித்த பட்டை. பட்டைக்கும் சதைக்கும் நடுவில் ஈரமான ஒரு வளையம். நகத்தால் நெம்பினால் பட்டை அந்த இடத்தில்தான் சுத்தமாகப் பிரிகிறது. அப்புறம் வெள்ளைச் சதை. நட்டநடுவில் ஒரு நார். வேகவைத்தபின் நாம் உருவிப் போடுகிற அதே நார்.

இலையில் செய்த சர்க்கரை பட்டை வழியாகத்தான் இறங்கி வருகிறது. அந்த ஈர வளையத்தைக் கடந்து உள்ளே புகுந்து, சதையின் செல்களில் மாவு மணிகளாகக் கட்டிக்கொள்கிறது. வெட்டிய முகத்தில் அயோடின் கரைசல் ஒரு சொட்டு விட்டால் சதை முழுக்கக் கருநீலமாகிவிடும். நாம் சதை என்று சொல்வது உண்மையில் மரக்கட்டைதான். மற்ற மரங்களில் தண்ணீர் ஏறுகிற, பிறகு இறுகிக் கட்டையாகிற அந்தத் திசுவே இங்கே இறுகாமல் மெத்தென்று இருந்து, மாவை வாங்கி நிரப்பிக்கொண்டிருக்கிறது. நடு நார் மட்டும் பழைய வேலையை விடவில்லை.

உருளைக்கிழங்கில் கண் இருக்கும். கண்ணில் முளை வரும், ஏனென்றால் அது தண்டு. மரவள்ளிக் கிழங்கு வெறும் வேர். அதை மண்ணில் புதைத்தால் அழுகும், முளைக்காது. குச்சியை வெட்டித்தான் நட வேண்டும். ஆக, கீழே சேர்கிற மாவு அடுத்த தலைமுறைக்கு வைத்த சொத்து அல்ல. வறட்சியில் இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நின்று, ஈரம் திரும்பியதும் மறுபடி தழைப்பதற்காக அந்தச் செடி தனக்கென்றே எடுத்துவைத்தது. நாம் நடுவில் புகுந்து பிடுங்கிக்கொள்கிறோம்.

*

தழைச்சத்து செடிக்குள் வந்தால் சர்க்கரைக்கு என்ன ஆகிறது என்பதை மெதுவாக யோசித்துப் பார்க்க வேண்டும்.

யூரியாவாகப் போட்டாலும் தொழுஉரமாகப் போட்டாலும் மண்ணின் நுண்ணுயிர்கள் அதை அம்மோனியமாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கித் தருகின்றன. வேர் உறிஞ்சுவது பெரும்பாலும் இந்த இரண்டைத்தான். உறிஞ்சிய நைட்ரேட்டை அப்படியே வைத்துக்கொண்டு செடி எதையும் கட்ட முடியாது. அதை மறுபடி அம்மோனியமாக்க வேண்டும். அதற்கு ஆற்றல் செலவு. அம்மோனியத்தை ஒரு கரிமச் சட்டத்தில் பூட்டி அமினோ அமிலமாக்க வேண்டும். அந்தச் சட்டம் சர்க்கரையை உடைத்து எடுத்தது. அமினோ அமிலங்கள் கோத்துப் புரதமாகும், புரதம் புது இலையாகும். இலைக்குச் சுவர் வேண்டும், நரம்பு வேண்டும், காம்பு வேண்டும், காம்பைத் தாங்கத் தண்டு வேண்டும். எல்லாம் சர்க்கரை. உள்ளே வருகிற ஒவ்வொரு பிடி தழைச்சத்தும் பல பிடி சர்க்கரையைக் கையோடு கூட்டிக்கொண்டு மேலே போய்விடுகிறது.

தழைச்சத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் எதிர்ப்பக்கமாக நடக்கிறது. அதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் தடைபடுவது வளர்ச்சி. புரதம் இல்லாமல் புது செல் பிறக்க முடியாதே. ஆனால் ஏற்கெனவே விரிந்து நிற்கிற இலை வெயிலைப் பிடித்துச் சர்க்கரை செய்வது உடனே நிற்பதில்லை. அது இன்னும் சில வாரம் ஓடும். வளர்ச்சி மந்தமாகி, உழைப்பு மட்டும் நடந்துகொண்டிருக்கிற அந்த இடைவெளியில்தான் வேரில் மாவு ஏறுகிறது.

இடைவெளி நீண்டுவிட்டாலும் ஆபத்து. இலை வெளிறும். பச்சையத்திலும், கரியமில வாயுவைப் பிடிக்கிற புரதத்திலும் இருக்கிற தழைச்சத்தையே செடி உருவி, கொழுந்துக்கு அனுப்பத் தொடங்கும். பிறகு சர்க்கரை செய்யவே ஆள் இல்லை. மிச்சம் பிடிக்க முதலில் வரவு வேண்டுமல்லவா.

*

தழைச்சத்து மூலப்பொருளாக மட்டும்தான் செடியை மாற்றுகிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். சர்க்கரையோடு சேர்கிறது, அதனால் சர்க்கரை குறைகிறது, அவ்வளவுதான் என்று. ஜெர்மனியில் மார்க் ஸ்டிட்டும் வொல்ஃப்-ரூடிகர் ஷைபிளும் 1997-இல் புகையிலையை வைத்து வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்துவிட்டது.

அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு ஊனமுள்ள புகையிலை. நைட்ரேட்டை அம்மோனியமாக்கும் முதல் நொதி அதில் மிக மிகக் குறைவு. அதற்கு நைட்ரேட்டைத் தாராளமாகக் கொடுத்தால், உறிஞ்சிக்கொள்ளும், பயன்படுத்தத் தெரியாது. நைட்ரேட் இலையில் தேங்கி நிற்கும். அமினோ அமிலம் ஆகாது, புரதம் ஆகாது. பட்டினி கிடக்கிற செடியைப்போலவே மெதுவாகத்தான் வளரும். பழைய நம்பிக்கை சரியென்றால் அந்தச் செடியில் சர்க்கரை செலவாகாமல் மாவாகக் குவிந்திருக்க வேண்டும்.

குவியவில்லை. மாவு செய்யும் நொதியின் மரபணுவே அடங்கிக் கிடந்தது. கரிமச் சட்டம் தயாரிக்கும் நொதிகளின் மரபணுக்களோ முழுவீச்சில் விழித்திருந்தன, ஒருபோதும் வந்து சேராத அம்மோனியத்துக்காக. அதாவது நைட்ரேட் பண்டமாவதற்கு முன்பே தகவலாகிவிடுகிறது. “வந்துவிட்டேன், சேமிப்பதை நிறுத்து” என்று அது சொல்கிறது, செடி கேட்கிறது. அதே ஆண்டு அதே குழு இன்னொன்றையும் காட்டியது: நைட்ரேட் தேங்குவது மேலே, தண்டிலும் இலையிலும்; ஆனால் வளர்ச்சி குன்றுவது கீழே, வேரில். வேருக்குப் போகும் சர்க்கரையும் குறைகிறது.

புகையிலை இலையில் கண்டதை அப்படியே மரவள்ளி வேருக்குத் தூக்கிவைக்கக் கூடாதுதான். ஆனாலும் யூரியா போட்ட சில நாளில் தோட்டம் கருத்துப்போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஊனப் புகையிலை நினைவுக்கு வருகிறது. கிடைக்காத வரவை நம்பிச் சேமிப்பை நிறுத்திய செடி.

*

அந்தப் புகையிலை ஆய்வுக்குச் சுமார் எண்பது வருடம் முன்னால், 1918-இல், அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் கிரௌஸ், கிரேபில் என்ற இருவர் தக்காளியை வைத்து இதே கேள்வியின் இன்னொரு முனையைப் பிடித்தார்கள். தழைச்சத்து மிகுந்து சர்க்கரை சுமாராக இருக்கும் செடி தழைக்கிறது, காய்ப்பதில்லை. தழைச்சத்து அளவாகி மாவு சேரத் தொடங்கிய செடி காய்க்கிறது. தழைச்சத்து அற்றுப்போன செடியில் மாவு நிறைந்து கிடக்கிறது, அதுவும் காய்ப்பதில்லை. மரபணு, நொதி எதுவும் தெரியாத காலத்தில் செடியை அரைத்து அளந்து பார்த்தே இவ்வளவையும் சொல்லிவிட்டார்கள். பின்வந்தவர்கள் அந்த விகிதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் அதில் அடக்கப் பார்த்தது அவர்கள் குற்றமில்லை.

*

சேலம், நாமக்கல் பக்கம் கிழங்கை வெறும் எடைக்கு வாங்குவதில்லை. ‘பாயிண்ட்’டுக்கு வாங்குகிறார்கள். நூறு பங்கு கிழங்கில் எத்தனை பங்கு மாவு என்பதுதான் பாயிண்ட். லாரியிலிருந்து கொஞ்சம் கிழங்கை எடுத்து, மண் போகக் கழுவி, முதலில் காற்றில் எடை போடுவார்கள். அடுத்து தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை போடுவார்கள். மாவு தண்ணீரைவிடக் கனமானது. மாவு நிறைந்த கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனக்கும். நீர்த்த கிழங்கு தண்ணீருக்குள் எடை இழந்து நிற்கும். தராசின் முள் நிற்கிற இடத்தைப் பொறுத்துத்தான் எட்டு, பத்து மாத உழைப்புக்கு விலை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சில் லூயி த வில்மொரென் இதையே சர்க்கரைக் கிழங்கான பீட்டுக்குச் செய்தார். உப்புக் கரைசலில் போட்டு எது மூழ்குகிறதோ அதையே விதைக்கு வைத்துக்கொண்டார். மூழ்கியது இனிப்பானது. பெர்லினில் மார்கிராஃப் 1747-இல் பீட்டில் சர்க்கரை இருப்பதைக் கண்டார். அவருடைய மாணவர் ஆக்கார்ட் 1801-இல் சைலீசியாவில் முதல் ஆலையைத் தொடங்கினார். அவர்கள் காலத்துப் பீட்டில் சர்க்கரை சொற்பம். இன்றைய பீட் இவ்வளவு இனிக்கிறதென்றால் மூழ்கியதைத் தேர்ந்துகொண்டே வந்ததும் ஒரு காரணம்.

சேலத்து ஜவ்வரிசித் தொழில் 1940-களில் பிறந்தது. உலகப்போரில் மலேயா பக்கத்துச் சரக்கு நின்றுபோனது அதற்கு வழிவிட்டது. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இத்தனைக்கும் அடியில் நிற்பது அந்த முள்தான்.

*

மழைக்குப் பிறகு பாயிண்ட் இறங்கும். இது ஆலைக்காரருக்கும் தெரியும், விவசாயிக்கும் தெரியும். கிழங்கு தண்ணீர் குடித்துவிட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. காய்ந்து இலை உதிர்த்து நின்ற செடி, மழை கண்டதும் வேரில் வைத்த மாவை மறுபடி சர்க்கரையாக்கி மேலே தூக்கிப் புது இலை விடுகிறது. பிடுங்கத் தயாராக இருந்த சேமிப்பு, நம் கண்ணெதிரே கொழுந்தாகிப் போகிறது.

அந்த மழையோடு இன்னொன்றும் வருகிறது. காய்ந்த மண் நனைந்ததும் அதிலுள்ள நுண்ணுயிர்கள் திடீரென்று விழித்து மட்கைச் சிதைக்கின்றன. அதிலிருந்து தழைச்சத்து ஒரு வீச்சாக வெளியேறுகிறது. கிழக்கு ஆப்பிரிக்க மண்களை வைத்து பர்ச் என்பவர் 1958-இல் இதை விரிவாக எழுதினார். ஆக, கோடை கழிந்து பெய்யும் முதல் மழை தண்ணீரை மட்டும் கொண்டுவருவதில்லை. உரமும் போட்டுவிட்டுத்தான் போகிறது. செடிக்கு இரண்டு அழைப்பும் ஒரே நேரத்தில் வந்தால் அது எப்படிச் சும்மா இருக்கும்?

சில வாரம் பொறுத்தால் புது இலைகள் சம்பாதித்து மறுபடி கீழே அனுப்பும். பொறுக்க முடிகிறவர்கள் பொறுக்கிறார்கள். கடன் தவணை வைத்திருப்பவர்கள் பிடுங்கிப் போடுகிறார்கள்.

*

ஆத்தூர் பக்கத்தில் ஒரு தோட்டத்து வரப்பில் கேட்டது.

“என்ன மாப்ள, இப்படிக் கருத்து நிக்குது?”

“அஞ்சாம் மாசம் ஒரு மூட்டை வீசுனனுங்க மாமா. பார்க்கவே குளுகுளுன்னு ஆயிப்போச்சு.”

“பார்க்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது. ஒரு செடிய அசைச்சுப் பாரு, வேருல என்ன வெச்சிருக்குதுன்னு.”

அவர் பிடுங்கச் சொல்லவில்லை, அசைக்கத்தான் சொன்னார். கிழங்கு பிடித்த செடி அசையாது. அடி மண் சேர்ந்து இறுகியிருக்கும், தூரைச் சுற்றி நிலம் வெடித்திருக்கும். இந்தச் செடி கையோடு வந்துவிட்டது. மாப்பிள்ளை எதுவும் பேசவில்லை. மாமாவும் அதற்குமேல் சொல்லவில்லை, பேச்சு மாவுப்பூச்சிக்குப் போய்விட்டது.

*

ஏன் ஐந்தாம் மாதம் யூரியா? தெரியாமல் செய்கிறார்கள் என்று சொல்வது சுலபம், அது முழு உண்மையில்லை. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. பொட்டாஷ் மூட்டை அதைப்போலப் பல மடங்கு. யூரியாவின் விலையை அரசு கட்டிவைத்திருக்கிறது. பொட்டாஷ் கப்பலில் வருகிறது. இந்த நாட்டில் அதற்குச் சுரங்கம் கிடையாது. கையில் ஐந்நூறு ரூபாய் வைத்துக்கொண்டு உரக்கடைக்குப் போகிறவர் எதை வாங்கிவருவார்? வாங்கிய காசுக்கு ஒரு வாரத்தில் கண் நிறையப் பலன் தெரிகிற உரமும் அதுதான். பொட்டாஷ் போட்டால் மேலே ஒன்றும் தெரியாது.

மரவள்ளிக்கு வேண்டியதோ பொட்டாஷ்தான். இலையில் செய்த சர்க்கரையைக் குழாய்களில் ஏற்றிக் கீழே அனுப்பவும், கீழே போனதை மாவாகக் கட்டவும் அதிலுள்ள சாம்பல் சத்து வேண்டும். கிழங்கோடு சேர்ந்து நிலத்தைவிட்டு அதிகமாக வெளியேறுவதும் அதுவே. தாய்லாந்தில் ஒரே நிலத்தில் பல பத்தாண்டுகள் மரவள்ளியே நட்டு நடத்திய உரச் சோதனைகளில், பொட்டாஷ் போடாத பாத்திகளின் விளைச்சல்தான் வருடம் போகப்போகக் கடுமையாக விழுந்தது. முதல் சில வருடம் வித்தியாசமே தெரியவில்லை. மண் தன்னிடம் இருந்ததைக் கொடுத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

மலிவான சத்து சேமிப்பைக் குறைக்கிறது. சேமிப்பைக் கூட்டும் சத்து விலை ஏறிக்கிடக்கிறது. ஆலை வாங்குவதோ சேமிப்பை மட்டும். இதில் விவசாயியின் அறியாமை எங்கே வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

*

கிழங்கின் கசப்பும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. மரவள்ளியில் லினமாரின் என்ற ஒன்று இருக்கிறது. செடி அதை இலையில், வேலின் என்கிற அமினோ அமிலத்திலிருந்து செய்து கீழே அனுப்புகிறது. கிழங்கை வெட்டினாலோ ஆடு மாடு கடித்தாலோ, செல்லுக்குள் தனித்தனியாக இருந்த லினமாரினும் அதை உடைக்கும் நொதியும் கலந்து சயனைடு வெளிவரும். அமினோ அமிலத்திலிருந்து பிறப்பது என்பதால், தழைச்சத்து மிகுந்த தோட்டத்துக் கிழங்கில் இது கூடும். பொட்டாஷ் கொடுத்தால் குறையும். மாவு குறைந்து நஞ்சு கூடிய கிழங்கு என்பது வெறும் துரதிருஷ்டமில்லை. இரண்டும் ஒரே காரணத்தின் இரண்டு முகம்.

சாப்பிடுகிறவர்கள் செய்ய வேண்டியதை நம் வீட்டுப் பெண்கள் சொல்லித்தராமலே செய்துவருகிறார்கள். பட்டையை முழுக்க உரித்து, துண்டுபோட்டு, தண்ணீர் நிறைய வைத்து, மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பட்டையில்தான் நஞ்சு அதிகம்.

*

கலிபோர்னியாவின் பீட் வயல்களில் ஆல்பர்ட் உல்ரிச் செய்த வேலை எனக்குப் பிடித்தமானது. இலைக்காம்பைக் கிள்ளி அதில் எவ்வளவு நைட்ரேட் இருக்கிறது என்று பார்த்தார். பயிரின் முற்பாதியில் அது நிறைய இருக்க வேண்டும். அறுவடைக்குச் சில வாரம் முன்பே தீர்ந்துபோயிருக்கவும் வேண்டும். கடைசிவரை தழைச்சத்து கிடைத்துக்கொண்டேயிருந்த பீட் பெருத்திருக்கும், சர்க்கரை நூற்றுக்கு எத்தனை என்று பார்த்தால் குறைந்திருக்கும். ஆலைக்கு இன்னொரு தலைவலியும் உண்டு: செலவாகாத அமினோ அமிலங்கள் சாற்றில் தங்கி, சர்க்கரை படிகமாவதைக் கெடுக்கும், கிடைக்க வேண்டியதில் ஒரு பங்கு கழிவுப்பாகோடு போய்விடும்.

செடியைப் பட்டினி போடுவது என்று இதைச் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. முதல் மாதங்களில் நிறைவாகக் கொடுத்து, இலை விரித்து முடித்தபின் கையை இழுத்துக்கொள்வது பட்டினி ஆகாது. உண்மையான பட்டினி முதல் மாதத்தில் நடக்கிறது, கொல்லிமலைச் சரிவுகளில் மேல்மண் மழையோடு இறங்கிப்போன இடங்களில் நடக்கிறது. அங்கே மரவள்ளி இடுப்பளவு நின்று, சிறுத்த இலையோடு, தன்னிடம் இருப்பதில் பெரும்பங்கைக் கீழே அனுப்பிக்கொண்டுதான் இருக்கும். தழைச்சத்து கம்மியானால் மரவள்ளி இலையின் அளவைக் குறைத்துக்கொள்ளும். இருக்கிற இலையின் தரத்தை அவ்வளவாக விட்டுக்கொடுக்காது. விகிதம் பார்த்தால் அந்தச் செடி உத்தமம். பிடுங்கினால் விரல் பருமனில் நாலு கிழங்கு. ஏழைச் செடியின் சிக்கனத்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் அந்த நாலு கிழங்கை எடை போட்டுப் பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

*

நட்ட முதல் இரண்டு மாதம் மரவள்ளி நிலத்தை மூடுவதில்லை. குச்சிக்கும் குச்சிக்கும் நடுவே வெறும் மண் வெயிலில் கிடக்கும். அந்த இடத்தில் உளுந்தோ நிலக்கடலையோ சின்ன வெங்காயமோ போட்டு எடுப்பது வழக்கம். உளுந்தும் கடலையும் தம் வேர் முடிச்சுகளில் காற்றின் தழைச்சத்தைப் பிடிக்கும். மணியோடு அதில் பெரும்பங்கு வெளியே போய்விடும் என்றாலும், அறுத்தபின் தழையையும் வேரையும் அங்கேயே விட்டால் அவை மட்கும்போது கொஞ்சம் மண்ணுக்கு வரும். அதுவும் சரியான நேரத்தில், மூன்றாம் மாதத்தை ஒட்டி, மெதுவாக வரும். மூட்டையிலிருந்து கொட்டுவதுபோல ஒரே நாளில் வராது.

மெதுவாக வருவதற்கும் மொத்தமாக வருவதற்கும் செடி வேறு வேறாகப் பதில் சொல்கிறது. அந்த நைட்ரேட் தகவல் உரக்க ஒலிப்பது, அது செலவாவதைவிட வேகமாக வந்து தேங்கும்போதுதான்.

*

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இறவை மரவள்ளிக்குச் சொல்லும் அளவு இது. ஒரு ஹெக்டேருக்குத் தொழுஉரம் 25 டன். அடியுரமாகத் தழைச்சத்து 45 கிலோ, மணிச்சத்து 90 கிலோ, சாம்பல் சத்து 120 கிலோ. நட்ட 90-ஆம் நாள் மண் அணைக்கும்போது தழைச்சத்து இன்னொரு 45, சாம்பல் சத்து இன்னொரு 120. தழைச்சத்தைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் சாம்பல் சத்து. 90-ஆம் நாளுக்குப் பிறகு எதுவும் இல்லை. செடியின் உள்ளே நடப்பதை இவ்வளவு நேரம் பார்த்துவிட்டு வந்தால் இந்தப் பட்டியல் வேறுமாதிரி வாசிக்கக் கிடைக்கிறது. மூன்று மாதம் இலைக்கு, மிச்ச மாதங்கள் வேருக்கு.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. மேலுரம் 45 கிலோ என்றால் ஏக்கருக்கு யூரியா சுமார் 40 கிலோ. ஒரு மூட்டைகூட முழுதாக வேண்டாம். மண் பரிசோதனை செய்து பார்த்தால் அதிலும் குறையலாம். ஐந்தாம் மாதத்தில் தோட்டம் கொஞ்சம் வெளிறி நின்றால் பதற வேண்டாம், அப்போது மூட்டையைப் பிரிக்கவும் வேண்டாம். அந்தக் காசை அடுத்த நடவின் பொட்டாஷுக்கு எடுத்துவையுங்கள்.